முழந்தாளிடாதவளின் கல்வெட்டு

எடி பைத்தியம் பிடிச்ச விசரி,

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அச்சு மை வாசனை போகவில்லை. இன்று நீ செத்து முப்பத்தோராம் நாள். உன் கல்வெட்டுப் புத்தகங்கள் காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்தன. மை காய முன்பே கட்டுக் கட்டாக விறாந்தையில் அடுக்கிவிட்டார்கள். வியர்த்த கையோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றதில் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

வெள்ளவத்தையில் உங்கள் வீட்டு விறாந்தையில் நான் இன்று செய்துவிட்டு வந்ததை வேறு யாராவது சொன்னால் கோணலாகத்தான் சொல்வார்கள். ஆகையால் நானே எழுதுகிறேன், கோபம் ஆறுவதற்குள். நீ இருந்தால், "முதல்ல தேத்தண்ணியைக் குடி, பிறகு குதி" என்பாய். குடித்துவிட்டேன். இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வேண்டும். பெயர்தான் கல்வெட்டு, உண்மையில் ஒரு சின்னப் புத்தகம். இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள், இன்ன இடத்தில் படித்தார், இன்ன நன்மை செய்தார் என்று பாட்டும் வசனமுமாக எழுதி அச்சடித்து, வந்தவர்களுக்கு முன்னால் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். உன் அண்ணர் அதை என்னிடம் எழுதச் சொன்னார். தமிழ் டீச்சர், உன் சிநேகிதி, குரலும் பரவாயில்லை. எழுதிக் கொடுத்தேன். அவர் திருத்தினார்.

என்ன திருத்தினார் தெரியுமோ? "கொட்டாஞ்சேனை வட்டாரத்தில் தமையனாரை எதிர்த்து முனிசிபல் தேர்தலில் நின்று தோற்றார்" என்று நான் எழுதிய இடத்தில், "தமையனாரின் பொதுப்பணிக்கு உறுதுணையாய் நின்று, அடக்கமே உருவாய் வாழ்ந்தார்" என்று போட்டிருக்கிறார். அடக்கம்! நீ! நாம் தினமும் ஏறிய ட்ராமின் கண்டக்டர் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அதற்குக் கீழே, எழுதியவர் என்று என் பெயர். இன்னும் இருபது வருஷத்தில் உன்னைத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிடுவார்கள். உன் அண்ணரின் பேரப்பிள்ளைகள் கையில் மிஞ்சப்போவது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதில் நீ யாராக இருக்கப்போகிறாய் என்பதுதான் இன்றைக்கு என் தலையில் விழுந்த பாரம்.

நாம் இருவரும் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் சேர்ந்தோம். நீ சரித்திரம், நான் தமிழ். வெள்ளவத்தையில் காலை ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, ட்ராம் பிடித்துப் போவோம். நான் சந்து மாதிரி ஒரு ஒழுங்கையின் கடைசியில் வாடகை வீட்டில் இருந்தவள். உங்கள் வீட்டை றிக்‌ஷாக்காரர் எல்லோருக்கும் தெரியும்; "கவுன்சில் ஐயா வீடு" என்றால் போதும். உன்னைப் பெற்ற ஐயா சட்டசபையில், சித்தப்பா முனிசிபலில், அண்ணர் அட்வகேட், அடுத்தது அவர்தான் என்று ஊருக்கே தெரியும். நீ அந்த வீட்டிலிருந்து மூன்றாம் வகுப்புப் பெட்டியில் என்னோடு வந்து ஏறுவாய். உன் ஐயாவுக்கு அது பெரிய வெட்கம்.

லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு நீ தனியாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மருதானைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கழன்ற ஒரு தடித்த சரித்திரப் புத்தகம் வாங்கி வந்தாய். அதற்குள்தான் அவன் இருந்தான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாம் ஒருநாளும் அவனைப் பெயர் சொல்லிக் கதைத்ததில்லையே. நீ "என்ர வெள்ளைக்காரன்" என்பாய். நான் உன் புருசன் என்கிற கருத்தில் "உன்ர மனுசன்" என்று பகிடி பண்ணுவேன். "உன்ர மனுசன் இண்டைக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டுவிட்டால் போதும், பம்பலப்பிட்டியில் தொடங்கிக் கோட்டை வரும் மட்டும் கதைதான்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் பெரிய குடும்பம். பாட்டன் காலத்தில் துறவிகளின் மடத்து நிலங்களை ராசா பறிக்க, ராசாவிடமிருந்து இவர்கள் வாங்கி, அதோடு பெரிய மனிதர் ஆனவர்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினம். அந்தப் பட்டினத்திலிருந்து பார்லிமெண்டுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். அங்குள்ள வீடுகள் இவர்களுடையவை, குடியிருப்பவர்கள் இவர்களின் குடிகள். ஆகவே தகப்பன் போனான், தகப்பனின் தம்பி போனான், மூத்த மகன் போனான். இளையவனான இவனுக்கு வயது வந்ததும், மூத்தவனுக்குச் சிறுத்துப்போன சட்டையைக் கொடுக்கிற மாதிரி அந்த இடத்தை இவனுக்குக் கொடுத்தார்கள்.

"உது உங்கட வீட்டுக் கதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன்.

"அதுதானே எடி விடாமல் வாசிக்கிறன்" என்றாய்.

முதலில் அவன் வாயே திறக்கவில்லையாம். குடும்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பிறகு ராசா, பார்லிமெண்டைக் கேளாமல், கடன் என்று பெயர் வைத்துச் சனத்திடம் பிடுங்கத் தொடங்கினார். குடும்பம் முழுக்க "ஆகட்டும் மகாராசா" என்றது. இவன் எழுந்து "ஏலாது" என்றான். குடும்பம் கொடுத்த இடத்தில் இருந்துகொண்டே குடும்பத்துக்கு எதிராகச் சொன்னான். அதை நீ ரயிலில் எழுந்து நின்று நடித்துக் காட்டினாய். எதிரே பின்னிக்கொண்டிருந்த பறங்கிச் சீமாட்டி ஊசியைப் போட்டுவிட்டு உன்னையே பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. நீ அவருக்கும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டாய்.

அவனைச் சிறையில் போட்டார்கள். விசாரிக்கிற பிரபுக்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு, பிழை என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். முழந்தாளில் நின்று கதைப்பதுதான் அங்கே அந்தக் காலத்து முறையாம். மூத்த அண்ணன் சிறைக்கே வந்து கெஞ்சினான். குடும்பத்தின் மானம், தாயின் கண்ணீர் எல்லாம் சொன்னான். இவன் முழந்தாளிடவில்லை. குளிரிலும் இருமலிலும் கிடந்து, ராசாவுக்குத் திரும்பவும் பார்லிமெண்டு தேவைப்பட்டபோது வெளியே வந்து, அதே பட்டினத்தில், அண்ணன் நிறுத்திய ஆளுக்கு எதிராக நின்றான். அந்த இடம் வந்ததும் நீ புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

உன் கலியாணப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான். கொட்டாஞ்சேனையில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் உன் அம்மாவின் சீதனமாக வந்தவை. பின்னால் இருந்த தோட்டமும் உங்களுடையதே, அது உனக்குத் தெரிந்தது பிறகுதான். தோட்டம் என்றாலும் அங்கே பூவும் இல்லை, காயும் இல்லை. கொழும்புத் தோட்டம், வரிசை வரிசையாகத் தகரக் கூரை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். மாப்பிள்ளை பெரிய உத்தியோகத்தர். கை நழுவக் கூடாது என்று உன் ஐயா அவசரப்பட்டார். நம் ஆட்களில் கலியாண எழுத்து என்கிற பதிவும் சீதன உறுதிப் பத்திரமும் ஒன்றாகத்தான் நடக்கும். அவர் எழுத்து நடக்க முன்பே அம்மாவின் ஒரு வீட்டை உன் பெயருக்கு மாற்றி எழுதுவித்து, உறுதியை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டியும் விட்டார்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, "என்ன படிக்கிறீர்?" என்று கேட்டார். சொன்னாய். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாயா? "போன எலெக்‌ஷனில நீங்கள் ஆருக்கு வோட்டுப் போட்டனீங்கள்?" என்று கேட்டாய். மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தார். தகப்பன் பலகாரத் தட்டைப் பார்த்தார். அடுத்த கிழமை சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது.

கலியாணம் போயிற்று, வீடு உன் பெயரிலேயே நின்றது. அந்த மாரியில் ஐயாவும் தவறிப்போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. சீதன வீட்டை ஒரு பொம்பிளை வாடகைக்கு விடுவாள், பிறகு தன் மகளுக்குக் கொடுப்பாள். வேறு என்ன செய்யப்போகிறாள்? வட்டாரத்தில் சொந்த வீடு உள்ளவர் முனிசிபல் தேர்தலில் நிற்கலாம் என்பது உன் அண்ணருக்கு நன்றாகத் தெரியும், அட்வகேட் அல்லவா. தங்கச்சிக்கும் அந்தச் சட்டம்தான் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. இப்படி ஒரு பிழையை நம் ஆட்களைத் தவிர வேறு யார் விடுவார்கள்!

உன்னைக் கிளப்பியது குழாய். உன் வகுப்பில் பிந்தி வருகிற பிள்ளைகளை வெளியே நிறுத்துவாய். ஒரு நாள் பாதி வகுப்பு வெளியே நின்றது. ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், "குழாயடி மிஸ்." பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு பார்க்கப் போனாய். அந்தத் தோட்டம் முழுவதுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். வாளிகள் ஒழுங்கை முனை வரை வரிசையில் இருந்தன. பிள்ளைகளின் தாய்மார் விடியமுன்பே வந்து நிற்பார்களாம். தோட்டம் யாருடையது என்று கேட்டாய். ஒரு மனுசி உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கட குடும்பத்தாருடையதுதான் மிஸி" என்றாள்.

அன்று பின்னேரமே அண்ணரிடம் கேட்டாயாம், இன்னொரு குழாய் போட முடியாதா என்று. அவர் அப்போது முனிசிபலுக்கு நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"உதுகளுக்கு வோட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. எலெக்‌ஷன் முடியட்டும், பாப்பம்" என்றார்.

"எலெக்‌ஷன் முடிஞ்சால் நீங்கள் அந்தப் பக்கமே பாக்கமாட்டியள், அண்ணை."

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. சட்டசபை வோட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது. முனிசிபல் வோட்டு அப்போதும் வீடு வாசல் உள்ளவருக்குத்தான். தகர அறைக்காரருக்கு இல்லை. அது தெரிந்துதான் நீ நிற்க முடிவு செய்தாய். எனக்கு ரயிலில் சொன்னபோது நான், "உனக்கு விசர் முத்திப்போச்சு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "ஓம், முத்தினதுதான். வாறியோ இல்லையோ?" என்றாய். வராமல் என்ன செய்ய?

உன் பெயரைப் பிரேரிக்க வட்டாரத்து வோட்டர் ஒருவர் வேண்டும். உங்கள் சொந்தக்காரர், நாம் வாய் திறக்க முன்பே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மூலைக்கடை முஸ்லிம் நானாவிடம் போனோம். அரிசியும் மண்ணெண்ணெயும் விற்கிற மனிதர். அவருடைய கடைக் கட்டடமே உன் அண்ணருக்குச் சொந்தம். அதை நீயே அவருக்கு நினைவூட்டினாய், பிறகு குறை சொல்லக் கூடாது என்று. நானா தராசைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மிஸி. எங்க சைன் வைக்கணும், அதச் சொல்லுங்க" என்றார்.

செய்தி வெள்ளவத்தைக்கு வந்த அன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். உன் அண்ணர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. மெதுவாக, கோர்ட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தார். நாளைக்கே மனுவைத் திருப்பி எடுக்க வேண்டும். அது கஷ்டமென்றால், கடைசிக் கூட்டத்தில் அவருடைய மேடைக்கு வர வேண்டும்.

"நீ ஒண்டும் பேசத் தேவையில்லை. எனக்குப் பக்கத்தில வந்து இரு, காணும். சனம் விளங்கிக்கொள்ளும்."

"அதைத்தான் அவனிட்டையும் கேட்டவங்கள்" என்றாய்.

"எவனிட்டை?" அண்ணருக்கு முகம் மாறிவிட்டது. ஏதோ காதல் கதை என்று நினைத்துவிட்டார் மனிதர். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். உன் அம்மா குசினி வாசலில் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அவரைப் பார்த்தாய். அவர் நிலத்தைப் பார்த்தார். உனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அண்ணரின் கதை உனக்கு ஒரு பொருட்டே இல்லை. உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்விட்டாய். ட்ராம் முழுக்க ஒரே கேள்வி: "அம்மாவுக்கு வாய் எங்க எடி? அவவுக்கு வாயே இல்லையோ?"

தனிப் பொம்பிளை, கலியாணமாகாதவள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனி வீட்டில்! வெள்ளவத்தை வாய்கள் வெற்றிலை போடாமலே சிவந்தன. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உன்னோடு இருந்தேன். பள்ளிக்கூட மானேஜர் என்னைக் கூப்பிட்டு, டீச்சர்மாருக்கு அரசியல் அழகில்லை என்றார். அழகுக்காகச் செய்யவில்லை சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மறுமொழியை நான் வீட்டில் சொல்லிக் காட்டியபோது நீ கை தட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

உன் கூட்டத்தை எப்படி மறப்பேன்? தோட்டத்து வாசலில், நானா கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டியின்மேல் ஏறி நின்றாய். வந்தவர்களில் பாதிப்பேருக்கு வோட்டு இல்லை. துறைமுகத்து ஆட்கள், மீன்காரர், தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்த பெண்கள், பிள்ளை குட்டிகள். நீ வாக்குறுதி ஒன்றும் சொல்லவில்லை. உன் வெள்ளைக்காரனின் கதையைத் தொடங்கினாய்! குழாயைப் பற்றிச் சொல்லு, குழாயைப் பற்றிச் சொல்லு என்று கீழே நின்று பல்லைக் கடித்தேன்.

"மிஸி, அந்த ஆளுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று ஒருவர் கத்தினார்.

"அவன்ர பட்டினத்திலயும் உங்களை மாதிரி வோட்டில்லாத சனம்தான் கனபேர். வோட்டுள்ளவனைத் தன்ர அண்ணன் பாத்துக்கொள்ளுவான், வோட்டில்லாதவனுக்காக நான் கதைக்கிறன் எண்டு நிண்டவன்."

சனம் கிட்ட வந்தது. சிறை, குளிர், அண்ணன் வந்து கெஞ்சியது எல்லாம் சொன்னாய். நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அதெல்லாம் சரி மிஸி, அவன் முழங்கால் போட்டானா இல்லையா, அதச் சொல்லுங்க!"

"போடேல்லை" என்றாய்.

அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாளியில் தட்டினார்கள். உன் அண்ணரின் ஆட்கள் ஒழுங்கை முனையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணரின் மேடைக்கு நீ போகவில்லை. அங்கே அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கடைசிவரை வெறுமையாகக் கிடந்ததாம்.

தேர்தல் நாளில் அவருடைய கார்கள் பச்சைக் கொடியோடு விடிந்ததிலிருந்து ஓடின. நிற்கிற ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி, வோட்டுச் சீட்டை அதற்குள் போட வேண்டும்; அவருக்குப் பச்சைப் பெட்டி, உனக்கு மஞ்சள் பெட்டி. வோட்டுள்ள வீட்டு வாசலெல்லாம் கார் போய் நின்றது. நமக்கு இருந்தது நானாவின் சாமான் வண்டி. தோட்டத்துப் பெண்கள் வோட்டில்லாமலே தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வாக்குச்சாவடித் தெருவில் நாள் முழுக்க நின்றார்கள். நீ தோற்றாய். படுதோல்வி இல்லை, அண்ணரின் ஆட்கள் எதிர்பார்த்த சிரிப்புக்கு இடம் வைக்காத தோல்வி. நான் அழுதேன். நீ அழவில்லை என்று சொல்லமாட்டேன். அழுதாய், முகத்தைக் கழுவினாய், அடுத்த நாள் காலையில் வாளியோடு குழாயடி வரிசையில் போய் நின்றாய். கவுன்சிலரின் தங்கை குழாயடியில் நிற்கிறாள் என்று தெருவே வந்து பார்த்தது.

நின்றுகொண்டே இருந்தாய். அடுத்த தேர்தலுக்கும் நிற்பேன் என்று கேட்டவர், கேளாதவர் எல்லோருக்கும் சொன்னாய். அடுத்த மழைக்கு முன் தோட்டத்தில் புதுக் குழாய்கள் வந்தன. உன் அண்ணர் மாலையோடு வந்து திறந்து வைத்தார், படமும் பிடித்தார்கள். வென்றவர் தோற்றவளுக்குப் பயந்து போட்ட குழாய் அது. கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தை எனக்குக் காட்டினாய். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், உன் வெள்ளைக்காரனின் குடும்பக் கல்லறை. அவன் இருமி இருமிச் செத்த பிறகு குடும்பம் கட்டியது. சலவைக்கல்லில் தகப்பன் படுத்திருக்கிறான். பக்கத்தில் பிள்ளைகளின் சிலைகள் வரிசையாக, கை கூப்பியபடி. அந்த வரிசையில் அவனும் முழந்தாளிட்டு இருக்கிறான். அங்கத்தைய கல்லறைகளில் அது வழக்கமாம், பிரார்த்தனைக் கோலமாம். உன்னிடம் அந்த நியாயம் எடுபடவில்லை.

"உயிரோட இருக்கேக்கை ராசாவாலயே செய்ய ஏலாததை, செத்த பிறகு வீட்டுக்காரர் செய்துபோட்டாங்கள் பாத்தியோ! கல்லில வெட்டி வைச்சிருக்கிறாங்கள் எடி!" என்று கத்தினாய். கண் கலங்கியிருந்தது.

பிறகு யுத்தம் வந்தது, பள்ளிக்கூடம் இடம் மாறியது, தேர்தல்கள் தள்ளிப்போயின. நீ அதே வீட்டில் இருந்தாய். யுத்தம் முடிந்து, இனி நிற்கலாம் என்று நீ சேலைத் தலைப்பைச் செருகிய வேளையில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைஃபாய்டு, வந்தது. எத்தனை பேரை எதிர்த்து நின்றவள், ஒரு காய்ச்சலுக்குச் சில கிழமைகளிலேயே போனாய். எனக்கு அது இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது. உன் அண்ணர் காரோடு வந்து உன் உடலை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனார். அழுதார். பொய்யாக அழவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கல்வெட்டு ப்ரூஃபைப் பார்த்துவிட்டு முந்தாநாள் அவரிடம் போனேன்.

"டீச்சர், செத்த வீட்டில தோத்த கதை என்னத்துக்கு? அவளை நல்லவளாத்தானே போட்டிருக்கிறன்" என்றார்.

"அவளை வேறொருத்தியாப் போட்டிருக்கிறீங்கள்" என்றேன்.

"அச்சுக்குப் போயிட்டுது. நீங்கள் வாசிச்சால் காணும். உங்கட உத்தியோக விஷயமும் இப்ப எங்கட கமிட்டியிலதானே கிடக்கு" என்றார். வெருட்டுகிற மாதிரி இல்லை. ஏதோ ஞாபகப்படுத்துகிற மாதிரி. பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் இப்போது அவர்தான்.

இன்று கிரியை எல்லாம் முடிந்து, ஆட்கள் விறாந்தையிலும் முற்றத்திலும் நிரம்பி இருந்தார்கள். நானா வந்திருந்தார், தொப்பியைச் சரிசெய்தபடி வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் நின்றார். தோட்டத்துப் பெண்கள் சிலரும் அவரோடு. வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். பரம்பரை வாசித்தேன், பிறப்பு வாசித்தேன், படிப்பு வாசித்தேன். அந்த வரி வந்தது. "அடக்கமே" என்ற சொல்லோடு நிறுத்தினேன், துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். புத்தகத்தை மூடினேன்.

"இந்த வரி நான் எழுதினதில்லை. நான் எழுதினதை இப்ப சொல்லுறன்" என்றேன். சொன்னேன். கொட்டாஞ்சேனை வட்டாரத்தில், தமையனாரை எதிர்த்து...

"காணும் டீச்சர்" என்றார் உன் அண்ணர். "கதிரையில இருங்கோ."

யாரோ பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். "சொல்லி முடிச்சுப்போட்டு இருக்கிறன்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, உள்ளே பெண்களோடு இருந்த உன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ. செத்த பிள்ளையைத் தோத்தவள் எண்டு நாலு பேருக்கு முன்னால வாசிக்க வேணுமோ?"

உன் அம்மா எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வாசி பிள்ளை. தோத்ததையும் வாசி. நான் போட்ட வோட்டும் அதுக்குள்ள கிடக்கு" என்றார்.

விளங்குகிறதோடி உனக்கு? மற்றச் சீதன வீடு அவர் பெயரில்தானே, அவருக்கும் அந்த வட்டாரத்தில் வோட்டு. அன்றைக்கு உன் அண்ணர் தன் பச்சைக்கொடிக் காரில், தானே கதவைத் திறந்து, அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டாராம். திரைக்குப் பின்னால் பெட்டிகளும் அம்மாவும் மட்டும். மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு, அதே காரில் ஏறி வீட்டுக்கு வந்து, மகனின் வெற்றிக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார். இத்தனை வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. நீயும் தெரியாமலே போய்விட்டாய். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவுக்கு வாய் இருந்ததடி.

உன் அண்ணர் கதிரையில் இருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். நின்றார் என்றும் வாசித்தேன், தோற்றார் என்றும் வாசித்தேன், நான் எழுதாத குழாய்க் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கேற்றடியில் நானா வாய்விட்டு அழுதார். அச்சடித்த புத்தகத்தில் பழைய வரிதான் இருக்கிறது. அதனால் வந்தவர்களிடம் பென்சில் கொடுத்து அந்த வரியைக் கோடு போட்டு வெட்டச் சொன்னேன். சிலர் வெட்டினார்கள், சிலர் மாட்டோம் என்றார்கள். உன் அம்மாவின் புத்தகத்தை அவர் கேட்டபடி நானே வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கொடுத்தேன்.

நாளைக்குக் கமிட்டி என்னைக் கூப்பிடும். அந்த மேசைக்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருப்பார்கள். பிழை என்று ஒரு சொல் சொன்னால் வேலை மிஞ்சும் என்பார்கள், மரியாதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். பிள்ளைகள் வேண்டும், காலை ரயில் வேண்டும், வாடகை வீடும் வேண்டும். ஆனால் உன்னோடு இத்தனை வருஷம் திரிந்ததில் என் முழங்கால்கள் மடங்காமல் கெட்டுப்போய்விட்டன. போவேன். நின்றுகொண்டே கதைப்பேன்.